நிலா வேண்டாம் என்று சொல்லவில்லை

காரைக்கால்
11 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று நான் பாதி சொல்வதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்களும் எடுக்கவில்லை, அண்ணியும் எடுக்கவில்லை. அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நம் ஆன்லினோடு கல்லூரியில் படிக்கும் நிலாவை உங்களுக்குத் தெரியும். அம்பகரத்தூர்ப் பெண். கிறிஸ்துமசுக்கு நம் வீட்டுக்கு வந்து உங்களோடு வீடியோவில் பேசினாளே, அவள்தான். முதல் வருடத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். நிலாவுக்கு ஹைதராபாத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகையும் உண்டு. அவர்கள் அனுப்பிய மெயிலிலேயே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று 'ஏற்கிறேன்', இன்னொன்று 'வேண்டாம்'.

போன புதன்கிழமை எங்கள் கல்லூரி கணினி ஆய்வகத்தில் உட்கார்ந்து அந்த மெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள் என்று மெயிலை மூடாமலே எழுந்து போனாள். திரும்பி வந்தாள், மூடினாள், வீட்டுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை 'ஏற்கிறேன்' என்று அழுத்தப் போனால், நீங்கள் ஏற்கெனவே மறுத்துவிட்டீர்கள், இடம் அடுத்தவருக்குக் கொடுத்தாயிற்று என்று வருகிறது. ஆய்வகத்துக்குப் பொறுப்பு நான்தானே. என்னிடம்தான் ஓடி வந்தாள். புகாரும் எழுதிக் கொடுத்தாள்.

அவளை அனுப்பிவிட்டுக் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். நிலா எழுந்து போகிறாள். பக்கத்து நாற்காலியிலிருந்து ஆன்லின் அந்த நாற்காலிக்கு மாறுகிறாள். கொஞ்ச நேரம் படிக்கிறாள். மவுஸைத் தொடுகிறாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறாள். வேறு யாரும் அந்தப் பக்கம் வரவே இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன் அண்ணா, வேறு யாராவது வரமாட்டார்களா என்று.

அன்று மாலை சாப்பிடும்போது கேட்டேன்.

“நிலா மெயில தொட்டது நீயா?”

“ஆமா அத்தை.”

“ஏன்டி?”

தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். இன்று வரை அதற்குப் பதில் சொல்லவில்லை.

வருடம் பிறந்தால் கணினிப் பயன்பாட்டு விதிகளைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது நான்தான். எழுதியதும் நான்தான். அடுத்தவர் கணக்கில் நுழையக் கூடாது என்பது முதல் வரியிலேயே இருக்கிறது. யாரும் கவனிப்பதில்லை, பேனாவை இரவல் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆன்லினும் போட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரி முதல்வர் ஜவஹர் அலி சாரிடம் நான் அறிக்கை கொடுக்க வேண்டும். ஏப்ரல் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. உங்களிடம் சொல்லாமல் கொடுக்க மனம் வரவில்லை.

இப்படிக்கு,
சலோமி


மஸ்கட்
12 மார்ச் 2025

சலோமிக்கு,

படித்தேன். அண்ணி அழுதுகொண்டே இருக்கிறாள். எனக்கு வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை, ஆனால் போகாமல் இருக்க முடியாது. இங்கே ஒரு கட்டடம் முழுக்க ஏ.சி. நின்றுபோய்க் கிடக்கிறது.

ஆறாம் வகுப்பில் அவளை உன்னிடம் விட்டுவிட்டு நாங்கள் விமானம் ஏறினோம். நீதான் தாய் மாதிரி என்று அண்ணி இங்கே எல்லோரிடமும் சொல்லுவாள். அந்தத் தாய் கேமராவைப் பார்த்து அறிக்கை எழுதுகிறாளா? ஒரு பொத்தானை அழுத்தியதற்கா பிள்ளையின் பரீட்சை போக வேண்டும்? அவள் திருடினாளா, யாரையாவது அடித்தாளா?

அந்தப் பதிவு ஒரு மாதத்தில் தானாக அழிந்துவிடும் என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். எதையாவது சொல்லித் தள்ளிப்போடு. முகம் தெளிவாக இல்லை என்று எழுது. உன் கையை மீறிய விஷயம் எதையும் நான் கேட்கவில்லை. ஏப்ரல் தாண்டட்டும், அவள் பரீட்சை எழுதட்டும், அவ்வளவுதான். கல்லூரிக்கு நீ வேலை பார்க்கிறாய், அவளுக்கு நீ அத்தை. இதில் எது முதல் என்று நான் உனக்குச் சொல்லித் தர வேண்டுமா?

என்னோடு வேலை பார்க்கும் கமாலுதீன் அம்பகரத்தூர்க்காரர். அந்தப் பெண்ணின் அப்பா மாரிக்கண்ணுவை அவருக்கு நன்றாகத் தெரியுமாம். நம்பர் வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறார். புகாரைத் திரும்ப வாங்கச் சொல்லி நானே பேசிக்கொள்கிறேன். அதுவரை நீ ஒன்றும் செய்யாமல் இரு.

சவரிநாதன்


காரைக்கால்
15 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு நாளாகச் செய்முறைத் தேர்வு. உங்கள் கடிதத்தை இப்போதுதான் பார்க்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மாரிக்கண்ணுவுக்குப் போன் செய்யாதீர்கள். ஹைதராபாத்துக்கு நிலா விண்ணப்பம் போட்டதே அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆவணியில் கல்யாணம் முடித்துவிட வேண்டும் என்று ஒரு வரனைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இடம் உறுதியான பிறகு அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாள். “மேம், எனக்கு எடமே போனாலும் பரவால்ல, எங்க அப்பாவ மட்டும் கூப்பிட்டுராதீங்க” என்று கெஞ்சினாள். வயது வந்த பெண், அவள் சம்மதம் இல்லாமல் பெற்றோரை அழைக்கக் கூடாது என்று முதல்வரிடம் வாதாடி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். தயவுசெய்து பேசாதீர்கள்.

அறிக்கையை நேற்றுக் கொடுத்துவிட்டேன்.

ஆன்லினைத் தண்டிப்பதற்காகக் கொடுக்கவில்லை. நிலா அந்தப் பொத்தானை அழுத்தவில்லை என்று கல்லூரி ஹைதராபாத்துக்கு எழுத வேண்டும். ஆதாரம் இல்லாமல் எழுதினால் அவர்கள் எப்படி நம்புவார்கள்? மறுத்துவிட்டு மனம் மாறி வருகிறாள் என்றுதான் நினைப்பார்கள். இந்த மாதத்தோடு அவர்கள் சேர்க்கையை முடிக்கிறார்கள். நான் தள்ளிப்போட்டால் ஆன்லின் தப்பிப்பாள், நிலா கதை முடிந்துவிடும். நீங்கள் அங்கே இருந்துகொண்டு ஒரு பிள்ளையைப் பார்க்கிறீர்கள். என் எதிரில் இரண்டு பிள்ளைகள் நின்றார்கள்.

விசாரணைக் குழுவில் நான் உட்காரவில்லை. மாணவி எனக்கு உறவு என்று எழுதிக் கொடுத்து விலகிவிட்டேன். என்ன முடிவு எடுத்தாலும் அதில் என் கை இருக்காது. அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

இன்று காலை ஆன்லின் கேட்டாள்.

“குடுத்துட்டீங்களா அத்தை?”

“குடுத்துட்டேன்.”

துணிகளை எடுத்துப் பையில் வைத்தாள். குரும்பகரத்தில் சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்றாள். சனிக்கிழமை என்பதால் பஸ்ஸெல்லாம் திருநள்ளாற்றுக் கூட்டத்தோடு நிற்காமல் போயின. வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று வெயிலிலேயே நின்றாள். ஏதோ ஒரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனாள். அண்ணியின் தங்கைக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். வந்து சேர்ந்துவிட்டாளாம்.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு ஆளுக்கு உலை வைக்கச் சோம்பலாக இருக்கிறது.

சலோமி


மஸ்கட்
16 மார்ச் 2025

சலோமிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே நான் மாரிக்கண்ணுவிடம் பேசிவிட்டேன்.

என்ன பேசினேன் என்று அப்படியே எழுதுகிறேன்.

“ஐயா, மஸ்கட்லேருந்து சவரிநாதன் பேசுறேங்க. ஒங்க பொண்ணுகூடப் படிக்கிற ஆன்லினோட அப்பா. புள்ள ஏதோ புத்தி கெட்டுப் போயி செஞ்சிருச்சு. அந்த ஹைதராபாத் எடம் போச்சேன்னு மனசுல வச்சுக்காதீங்க. பெரிய மனசு பண்ணி புகார வாபஸ் வாங்கச் சொல்லணும்.”

பின்னால் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரையோ நிறுத்தச் சொன்னார்.

“எந்த எடங்க?”

“நெலாவுக்குப் படிக்கக் கெடைச்சுதே, அந்த எடங்க.”

“அப்புடிங்களா.”

மெஷினை மறுபடி போடச் சொன்னார். “சரிங்க. வெவரம் சொன்னதுக்கு நன்றிங்க” என்று வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அந்த மனிதர் நன்றி சொன்னதிலிருந்து எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. இதை முதல் கடிதத்திலேயே நீ எழுதியிருக்கலாம். அறிக்கை கொடுக்கப் போகிறேன் என்று எழுதத் தெரிந்தவளுக்கு, அவள் வீட்டுக்குத் தெரியாது என்று ஒரு வரி எழுத முடியவில்லையா? நான் என்ன ஜோசியக்காரனா?

அறிக்கை கொடுத்துவிட்டாய். இனிமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது. என் மகள் யாரோ வீட்டில் பை வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

சவரிநாதன்


காரைக்கால்
23 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. அதற்குத் தெம்பு இல்லை. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டது என் பிசகுதான். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை நிலா கல்லூரிக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. போன் அணைந்திருந்தது. வகுப்பில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அம்பகரத்தூருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று பஸ் நிறுத்தம் வரை போனேன். நான் போய் நின்றால் இன்னும் என்ன ஆகுமோ என்று திரும்பிவிட்டேன். நம்மால் அந்தப் பெண்ணின் படிப்பே நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். அன்று மாலை தேற்றரவு மாதா கோயிலுக்குப் போனேன், சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. இயேசு சிலுவை சுமந்த பதினான்கு தலங்களில் ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை.

வியாழக்கிழமை மாரிக்கண்ணு வந்தார். கூடவே நிலா. அவள் கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன, ஆனால் புத்தகப் பையைக் கொண்டுவந்திருந்தாள். முதல்வர் அறையில் நாற்காலியைக் காட்டினார்கள். அவர் உட்காரவில்லை.

“அந்த எடத்த வேணாம்னு சொன்னது எம்பொண்ணு இல்லன்னு இந்த அம்மாவுக்குத் தெரியுமாம். நெசமுங்களா?”

“தெரியுங்க. பதிவு இருக்கு” என்றேன்.

“அத எழுதிக் குடுங்க.”

“ஹைதராபாத்துக்கு அனுப்பத்தாங்க எழுதிட்டு இருக்கோம்” என்றார் முதல்வர். “நீங்க பொண்ண அனுப்புறதா இருந்தா—”

“அனுப்புறதும் அனுப்பாததும் நாங்க வீட்டுல பேசிக்கிறோம் சார். மூணு நாளா பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். எங்கிட்ட சொல்லாம எம்பொண்ணு எழுதிப் போட்டா. அதுக்கு நான் அவள கேக்குறேன், அது எனக்கும் அவளுக்கும். ஆனா கெடைச்சத அவ வேணாம்னு சொல்லல. சொல்லாதத சொன்னதா எங்கயோ ஒரு ஊருல எழுதி வச்சிருக்காங்க. அது இருக்கக் கூடாது.”

நிலா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழுவது தோளில் தெரிந்தது. கடிதத்தை அவர் முன்னாலேயே அச்செடுத்தோம். எழுத்துக்கூட்டிப் படிக்கவில்லை, வேகமாகவே படித்தார். 'மாணவியின் கவனக்குறைவால்' என்று முதல்வர் சேர்த்திருந்த இடத்தில் விரலை வைத்து, “இது எதுக்குங்க?” என்றார். எடுத்துவிட்டோம்.

போகும்போது என்னிடம், “மஸ்கட்காரரு ஒங்களுக்கு அண்ணனாமே. அவரு சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஆனாலும் அவரு சொல்லித் தெரிஞ்சிருக்க வேணாம்” என்றார். அதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் குழு கூடியது. நான் வெளியே ஆய்வகத்தில் இருந்தேன். எங்கள் துறை மதிவதனி குழுவில் இருக்கிறாள், அவள் சொன்னாள். “மெயில மூடாமப் போனது நிலா தப்புந்தானே?” என்று அவளே கேட்டிருக்கிறாள், ஆன்லினுக்கு உதவலாம் என்றுதான். ஆன்லின் ஒத்துக்கொள்ளவில்லையாம். “அவ மறந்தா. நான் மறந்து செய்யல மேம்” என்றாளாம்.

ஏப்ரல் பரீட்சை கிடையாது. நவம்பரில் எழுதலாம். அதுவரை ஆய்வகத்துக்குள் வரக் கூடாது. அறிவிப்பை ஆய்வகக் கதவில் ஒட்ட வேண்டியது என் வேலை. பெயர் போடாமல் ஒட்டினேன். பெயர் எல்லோருக்கும் தெரியும்.

சலோமி


மஸ்கட்
30 மார்ச் 2025

சலோமிக்கு,

மாரிக்கண்ணு சொன்னதைப் படித்தேன். கமாலுதீனிடம் காட்டினேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆன்லின் நேற்று தானாகவே போன் செய்தாள். இத்தனை நாள் நான் கூப்பிட்டால் 'ம்', 'சரிப்பா' என்று வைத்துவிடுவாள். நேற்று நான் திட்டவில்லை. திட்டித் திட்டி எனக்கே அலுத்துவிட்டது. சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டேன். அவளே சொன்னாள்.

“நாங்க ரெண்டு பேரும் காரைக்கால்லயே எம்.எஸ்ஸி. சேர்றதா இருந்துச்சுப்பா. அவ எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. அந்த மெயில்ல பாத்துத்தான் எனக்கே தெரியும். மூணு வருஷமா எல்லாத்தையும் அவகிட்டதான் சொல்லுவேன். நீங்க ரெண்டு பேரும் அங்க இருக்கீங்க. அத்தைக்கு எப்பவும் காலேஜ் வேலை. அவளும் போறான்னு தெரிஞ்சதும்…”

“அதுக்காகவா புள்ள?”

“அழுத்துற வரைக்கும் கோவமா இருந்துச்சு. அழுத்தின ஒடனே போயிருச்சு. திருப்பி எடுக்க அதுல பொத்தானே இல்லப்பா.”

எவ்வளவு நேரம் அழுதாள் என்று தெரியாது. நான் மொட்டை மாடியில் ஏ.சி. மெஷின்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் அவள் குரல் பாதி கேட்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

அப்பாவிடம் சொன்னால் வேண்டாம் என்று விடுவார் என்ற பயத்தில் நிலா யாரிடமும் சொல்லவில்லை. என் மகள் அதைத் தன்னை விட்டுப் போவதாக எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நீயும் நானுமே பேசவில்லை, பிள்ளைகளைச் சொல்லி என்ன.

நவம்பர் வரை அவளை இங்கே அழைத்து வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். விசாவுக்குக் கொடுத்திருக்கிறேன். உன்னிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்று அண்ணி சொன்னாள். அதனால் சொல்கிறேன். ஹைதராபாத்திலிருந்து என்ன பதில் வருகிறது என்று எழுது.

சவரிநாதன்


காரைக்கால்
10 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் வந்துவிட்டது. நிலா மறுக்கவில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, அவர்கள் பதிவிலும் திருத்திவிட்டார்கள். ஆனால் இந்த வருட இடம் வேறு ஒருவருக்குப் போனது போனதுதான். அந்தப் பிள்ளை சேர்ந்தாயிற்று, அதை எப்படிப் பிடுங்குவது? அடுத்த வருடம் நுழைவுத்தேர்வு இல்லாமல் நேராகச் சேரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். முதல்வருக்கு ஒரே சந்தோஷம். எல்லோரிடமும் காட்டினார்.

நிலாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

“ஒரு வருஷம் மேம். ஒரு வருஷத்துல எங்க வீட்டுல என்ன வேணும்னாலும் நடக்கும்” என்றாள்.

வரன் பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். நிறுத்திவிட்டார்களா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பா திருநள்ளாற்றில் ஒரு கடைக்காரரிடம் ஹைதராபாத்துக்கு எந்த ரயிலில் போவது என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தாள்.

வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

“ஆன்லின் பரீச்சை எழுதலையா மேம்?”

“இல்லம்மா. நவம்பர்லதான்.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆன்லினை நீங்கள் அழைத்துக்கொள்வது சரிதான். 'அத்தைக்கு எப்பவும் காலேஜ் வேலை' என்ற வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுப்பதற்கில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்கு அவளுடைய மீதித் துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்க முடிந்தால் போதும். வற்புறுத்த வேண்டாம்.

பரீட்சை நடக்கிறது. ஆய்வகத்தில் ஏ.சி. ஓடவில்லை. நீங்கள் இருந்தால் சரி செய்திருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து அசதியாக இருக்கிறது அண்ணா.

சலோமி


மஸ்கட்
13 ஏப்ரல் 2025

அன்புள்ள தங்கைக்கு,

ஆன்லினுக்கு விசா வந்தது. டிக்கெட் போடப் போகிறேன் என்று நேற்று போன் செய்தேன். வரவில்லை என்கிறாள்.

அண்ணி கூப்பிட்டுப் பார்த்தாள், நானும் சொல்லிப் பார்த்தேன். சரி, சித்தி வீட்டிலேயே இருக்கிறாயா என்றால் அதுவும் இல்லையாம். அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்கிறாள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது.

“ஒன்ன எழுதிக் குடுத்தவ வீட்டுக்கா போற?” என்று கேட்டுவிட்டேன்.

“இங்க வர்றவங்க எல்லாரும் என்ன நடந்துச்சுன்னு கேக்குறாங்கப்பா. நீங்களும் கேப்பீங்க, அம்மா தெனமும் கேக்கும். அத்தைக்கு மட்டுந்தான் எல்லாம் தெரியும். அங்க நான் யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல.”

டிக்கெட் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை குரும்பகரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். சீக்கிரம் கிளம்பிக் கல்லூரிக்குப் போய்விடாதே. இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு வை. அவளிடம் எதுவும் கேட்காதே.

அண்ணன்
சவரி